தோல் கிளினிக் வாசலில் நின்றவர்

அம்பத்தூரில் ஒரு தோல் கிளினிக்கில் எட்டு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் சுதா. சொந்த ஊர் திண்டிவனம். இங்கே எழுதப்போவது என்னைப் பற்றி அல்ல. எங்கள் கிளினிக் வாசலில் மூன்றரை வருஷம் நின்று கார்களுக்கு இடம் காட்டிய லோகநாதனைப் பற்றி. இதற்கு முன்பும் இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே போகும்போது ஏதாவது ஓர் இடத்தில் நானும் வந்துவிடுகிறேன். அந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டேன். இந்தத் தடவை மூடக் கூடாது என்று இருக்கிறேன்.

லோகநாதன் அம்பத்தூர் பக்கத்து மேனாம்பேட்டுக்காரர். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல்லும் கீரையும் போட்டார்களாம். இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஐந்து பிள்ளைகளில் அவர் மூன்றாவது. மற்ற நான்கு பேரும் நல்ல கறுப்பு. இவர் மட்டும் தலைமுடி, புருவம், இமை மயிர் எல்லாமே வெள்ளையாகப் பிறந்தார். தோலுக்கு நிறம் தரும் பொருள் உடம்பில் உண்டாகாத பிறவிக் குறை அது. யாருக்கும் ஒட்டுகிற நோய் இல்லை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் தலைமுறையாகத் தெரியாமல் இருந்துவிட்டு ஒரு பிள்ளையிடம் வெளியே வரும். அன்றைக்கு அந்தத் தெருவில் இதைச் சொல்ல ஆள் இல்லை. வேறு விதமாகச் சொல்லத்தான் ஆட்கள் இருந்தார்கள். அவருடைய அம்மா அஞ்சலையைத் தெருக்குழாயடியில் என்னென்னவோ கேட்டார்களாம். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த அம்மா அந்தக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை.

இந்தக் குறை உள்ளவர்களுக்குக் கண்ணும் சரியாக வராது. வெளிச்சத்தில் கூசும், கருவிழி ஆடிக்கொண்டே இருக்கும், தூரத்தில் இருப்பது தெரியாது. கரும்பலகையில் எழுதியது தெரியாமல் முழித்த பையனை மண்டு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து கரும்பலகையே தெரியவில்லை. ஏழாவதோடு படிப்பு நின்றது. தெருவில் அவருக்குத் தொரை என்று பெயர். வெள்ளைக்காரத் துரை. கடைசிவரை அந்தப் பெயர்தான். எங்கள் கிளினிக்கிலும் லோகநாதன் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. நானே பல நாள் தொரை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

பதினேழு வருஷம் அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அட்டையை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மடித்து ஒட்டுகிற வேலை. மனைவி வடிவை முதலில் பார்த்தது அங்கேதான். அவருக்குத் தூரத்தில் இருக்கிறவர்களின் முகம் தெரியாததால் எல்லோரிடமும் மிகவும் கிட்டே வந்து பேசுவார். மற்ற பெண்கள் விலகிப் போவார்கள். வடிவு விலகவில்லை. "மூஞ்சிய பாத்து பேசுற ஆம்பள அந்தக் கம்பெனில அவரு ஒருத்தருதான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். கட்டிக்கொண்டார்கள். ஒரு மகள், எழிலான மாநிறம், இப்போது நர்சிங் படிக்கிறாள்.

இப்போது யோசித்தால், அந்தப் பதினேழு வருஷம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. வெயில் வருவதற்கு முன் கம்பெனிக்குள் போவார், வெயில் போன பிறகு வெளியே வருவார். கொரோனா முடிந்த கையோடு அந்தக் கம்பெனியை மூடினார்கள். பார்வை இல்லை என்று யாரும் வேலை தரவில்லை. எங்கள் மேலாளர் ரவிச்சந்திரனுக்கு அவர் தூரத்துப் பழக்கம். அப்படித்தான் ஒரு ஜனவரி மாதம் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் கிளினிக் தெற்குப் பார்த்தது. முழுக்கக் கண்ணாடி முகப்பு. முன்னால் ஒரு புங்கமரம் இருந்தது. பெயர்ப் பலகையை மறைக்கிறது என்று லோகநாதன் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் அதை வெட்டிவிட்டார்கள். ஆகவே காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை அந்த வாசலில் நிழல் என்று ஒன்று கிடையாது.

கண் தெரியாதவர் எப்படிக் காருக்கு இடம் காட்டினார் என்று கேட்பீர்கள். சத்தத்தை வைத்து. எந்த வாடிக்கையாளருடைய வண்டி, டீசலா பெட்ரோலா, கிளச்சு தேய்ந்ததா, எல்லாம் தெருமுனையிலேயே சொல்லிவிடுவார். "பூந்தமல்லி அக்கா வந்துகினு கீது, சுதாம்மா, ஃபைல எடுத்து வெச்சுக்கோ" என்று கதவைத் திறந்து சொல்வார். இரண்டு நிமிஷத்தில் அந்த அம்மா உள்ளே வருவார். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. டிரைவர்கள் அவரிடம் வண்டியை ஓட்டிக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. கிளினிக் பெயர் போட்ட பெரிய குடை ஒன்று உண்டு. காரிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அதைப் பிடித்து வாசல்வரை கூட்டி வர வேண்டும். இருபது அடி தூரம் இருக்கும். கையை நீட்டி அவர்கள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி இவர் வெளியே நடந்து வருவார். அவர்களை உள்ளே விட்டுவிட்டுக் குடையைக் கதவுக்கு உள்ளே இருக்கிற கூடையில் வைத்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் சாயம் போய்விடும் என்பது மேலாளர் உத்தரவு.

உள்ளே நடந்த வேலையையும் சொல்ல வேண்டும். முடி உதிர்வதற்கு, பருவுக்கு, தேமலுக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் பாதிப் பேர் வெள்ளையாவதற்கு வந்தவர்கள். முகத்தில் வெயில் கறுப்பை எடுக்க, கல்யாணத்துக்கு முன் ஊசி போட்டு நிறம் ஏற்ற. ஒரு தடவை மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா வாசலைக் கைகாட்டி, "அந்த ஆளு கலர்ல பாதி குடுத்தா போதும், நிச்சயதார்த்தம் வரைக்கும் நின்னா சரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோகநாதனும் சிரிப்புச் சத்தம் கேட்டு, எதற்கென்று தெரியாமலே, எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

முதல் கோடையிலேயே அவருடைய கையும் கழுத்தும் வெந்து தோல் உரிந்தது. துண்டைத் தலையில் போட்டுக் காதை மறைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். சீருடையான அரைக்கை பனியனுக்குள்ளே தன்னுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். ரவிச்சந்திரன் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இது இன்னா கோயம்பேடு மார்க்கெட்டா? முண்டாசு கட்டிகினு நிக்கிறான். ஸ்கின் கிளினிக் வாசல்ல இப்டி நின்னா இன்னா நெனைப்பாங்க? மேடத்துக்குப் புடிக்காது, நீ போயி சொல்லு."

மேடம் என்றால் எங்கள் டாக்டர். நான் போய்ச் சொன்னேன். "தொரை, துண்டு வேணாமாம். மேடம் சொல்லிட்டாங்க."

"தொப்பி போட்டுக்கட்டா, சுதாம்மா? மாடல் தொப்பியா வாங்கிக்கிறேன்."

மேலாளரிடம் கேட்டேன். கஸ்டமருக்கு முகம் தெரிய வேண்டும் என்றார். அதையும் போய்ச் சொன்னேன். அவர் துண்டை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தார். "சரிம்மா. நமக்கு எரியிறது பழக்கந்தான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு அன்றைக்கே மறந்தும் போனது.

எங்கள் டாக்டர் எழிலரசி கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு லோகநாதனிடம் வடிவுக்குப் புடவையோடு இனிப்பும் சேர்த்துக் கொடுப்பார். மகளுடைய படிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். தினமும் பத்தரைக்கு அவர் கார் வரும். லோகநாதன் தடுப்புக் கம்பியை நகர்த்துவார். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து டாக்டர் தலையசைப்பார். பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு, அதன் வழியாக நேரே தன் அறைக்குப் போய்விடுவார். ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய தோலை விளக்கை வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிறவர். வாசலில் நிற்கிறவருடைய தோலைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் மட்டுமில்லை. உள்ளே வேலை செய்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் போனது. ஒரு பொங்கல் சமயத்தில் அவருடைய வலது காதின் மேல் விளிம்பில் ஒரு பொருக்கு வந்தது. உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்கு கட்டும். மூக்குக் கண்ணாடியின் காம்பு அந்த இடத்தில் உரசுவதால்தான் என்று அவர் நினைத்தார். காம்பில் பஞ்சு சுற்றிக்கொண்டார். மார்ச் மாதம் என்னிடம் கேட்டார்.

"மேடம்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாமா? ஆறவே மாட்டுது."

ஊழியர்களுக்குப் புதன்கிழமை மத்தியானம் பார்ப்பார்கள் என்பது வழக்கம். மூன்று புதன்கிழமை அவரை எழுதி வைத்தேன். மூன்று தடவையும் ஊசிக்கு யாராவது வந்துவிட்டார்கள். கடைசியில் அவரே ஒருநாள் டாக்டர் காரில் கிளம்பும்போது ஜன்னலருகே போய்க் காதைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியை இறக்கினார். போன் பேசிக்கொண்டிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பார்த்தார்.

"ஃப்ரேம் உரசுது லோகநாதன். கண்ணாடியை லூஸ் பண்ணுங்க. சுதாகிட்ட ஆயின்மென்ட் சொல்றேன், காலைல சாயங்காலம் போடுங்க."

பத்து விநாடி இருக்கும். புண்ணாற்றும் களிம்பு ஒன்றின் சாம்பிள் டியூப்பை நான் எடுத்துக் கொடுத்தேன். தீர்ந்ததும் வந்து கேட்டார், இன்னொன்று கொடுத்தேன். இப்படி ஒன்றே கால் வருஷம். ஏன் இன்னும் கேட்கிறீர்கள், இன்னும் ஆறவில்லையா என்று நான் கேட்கவில்லை. இழுப்பறையில் நிறைய டியூப் இருந்தது, கொடுப்பதில் எனக்குச் சந்தோஷம்கூட.

அந்த மே மாதம் கிளினிக்கில் வெயில் விழிப்புணர்வு வாரம் நடத்தினோம். பெரிய போஸ்டர் அடித்து வந்தது. காலை பத்து முதல் மாலை நான்கு வரை நேர் வெயிலில் நிற்காதீர்கள், முழுக்கை ஆடை அணியுங்கள், அகல விளிம்புத் தொப்பி அணியுங்கள், சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசுங்கள், நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்துப்பிழை பார்த்தது நான். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். சன்ஸ்கிரீன் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கி உள்ளே அடுக்கியது லோகநாதன். போஸ்டரைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியதும் அவர்தான். உள்ளே நின்று நான் "இன்னும் கொஞ்சம் மேல, இடது பக்கம்" என்று சொல்ல, அவர் ஸ்டூல் மேல் ஏறி ஒட்டினார். இறங்கிவந்து மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று எழுத்தைப் பார்த்தார். வெள்ளையில் மஞ்சள் எழுத்து, அவருக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா எழுதிக்கீது?"

"வெயிலப் பத்திதான் தொரை. கஸ்டமருக்கு."

இரண்டு தடவை நான் நோட்டை மூடி வைத்தது இந்த இடத்தில்தான்.

அடுத்த வருஷம் ஜூன் கடைசியில் வடிவு கிளினிக்குக் கைப்பையோடு வந்து நின்றாள். அவள் அதுவரை உள்ளே வந்ததில்லை. "மேடத்த பாக்கணும். இவரு கேக்க மாட்டாரு. காதுக்குக் கீழ கட்டி ஒண்ணு கீது. தலகாணி பூரா ரத்தம். நாத்தம் வேற அடிக்குது" என்றாள். டாக்டர் அந்த வாரம் வெளியூர் போயிருந்தார். நான் வெளியே போய் லோகநாதனைக் காதை மூடியிருந்த பஞ்சை எடுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "உனக்கு எதுக்கும்மா, சாப்புடுற நேரத்துல" என்றார். எடுத்தார். காதின் மேல்பாதி விளிம்பு தின்னப்பட்டிருந்தது. நடுவில் குழி, ஓரம் தடித்துச் சுருண்டு நின்றது. தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். ஒன்றே கால் வருஷம் என் மேசைக்கு இரண்டடி தூரத்தில் வந்து டியூப் வாங்கிப்போன காது அது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு போனேன். அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில், நகரத்துக்குள் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனைக்கு. இரண்டு மணி நேரம் வரிசை. பார்த்தது ஜமீலா என்ற இளம் டாக்டர், மேல்படிப்பு படிக்கிறவர். உட்கார வைத்து விளக்கைத் திருப்பி, காது, கழுத்து, உதடு, முன்கை, பின்கழுத்து எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் தன் தோலை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று லோகநாதன் பிறகு சொன்னார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒன்ற வருசம் இருக்கும்மா."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"காருக்கு எடம் காட்றது."

"வெயில்லயா?"

"வாசல்ல."

"எங்க, என்ன கம்பெனி?"

லோகநாதன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் கையிலிருந்த சீட்டை மடித்தேன். "ஒரு கடைம்மா" என்றார்.

ஜமீலா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, உங்க தோல்ல வெயிலைத் தடுக்கிற நிறமே கிடையாது. மத்தவங்களுக்கு ஒரு குடை அளவுக்கு இருக்கிறது உங்களுக்கு இல்ல. நீங்க வெயில்ல நிக்கவே கூடாது. முழுக்கை, தொப்பி, வெயிலுக்குப் பூசுற மருந்து தினமும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டர் பாக்கணும். சொரசொரன்னு முதல்ல வரும்போதே எடுத்திருந்தா பத்து நிமிஷ வேலை. பொறந்ததுலேருந்து யாருமே சொல்லலையா?"

"எரியும். உரியும். தண்ணி ஊத்திக்குவேன்மா" என்றார் லோகநாதன். பிறகு, "தோல் டாக்டர்னா அழகுக்குன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றார்.

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். தோல் புற்றுநோய். கழுத்து நெறிகட்டிக்குப் பரவியிருந்தது. ஜூலைக் கடைசியில் அறுவை சிகிச்சை. வலது காது முழுவதையும், கன்னத்துச் சுரப்பியையும், கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். முகத்தின் வலது பக்க நரம்பு செத்துப்போய் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. அரசுக் காப்பீட்டில் நடந்தது. வடிவு பாதி நாள் வேலைக்குப் போகவில்லை.

டாக்டர் எழிலரசி ஊரிலிருந்து வந்ததும் நான் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சுதா."

"சொன்னாரு மேடம். நீங்க கார்ல கிளம்பும்போது. ஃப்ரேம் உரசுதுன்னு சொன்னீங்க."

"எப்போ?" என்றார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அறுவை முடிந்து மூன்றாவது வாரம் டாக்டர் மேனாம்பேட்டில் லோகநாதன் வீட்டுக்குப் போனார். நானும் ரவிச்சந்திரனும் கூடப் போனோம். ஆப்பிளும், ஒரு பெட்டி நிறைய சன்ஸ்கிரீனும் கொண்டுபோயிருந்தார். லோகநாதன் கட்டிலில் சாய்ந்திருந்தார். காது இருந்த இடத்தில் தொடைத் தோலை ஒட்டித் தைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கேட்பது குறைந்துவிட்டது. டாக்டர் பேசினால் இடது பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டார். டாக்டர் அழுதார். வடிவு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள், குரலை உயர்த்தவே இல்லை.

"மேடம், நீங்க மருந்துலாம் குடுக்க வேணாம். அந்த ஆளு தலையில ஒரு துண்டு கட்டிக்க உட்ருந்தீங்கன்னா போதும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நான் துண்டு கட்டக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே."

வடிவு என்னைப் பார்த்தாள். நான் ரவிச்சந்திரனைப் பார்த்தேன். ரவிச்சந்திரன் சுவரைப் பார்த்தார். டாக்டர் சொல்லவில்லை என்பது நிஜம். மேடத்துக்குப் பிடிக்காது என்று ரவிச்சந்திரன் தானாக நினைத்துக்கொண்டார். மேடம் சொல்லிவிட்டார் என்று நான் மாற்றிச் சொன்னேன். சொல்லாத ஒரு வார்த்தைக்கு மூன்று வருஷம் ஒரு மனுஷன் கட்டுப்பட்டு நின்றிருக்கிறார்.

"உடு வடிவு. அவங்க இன்னா பண்ணுவாங்க, நானும் கேட்ருக்கணும்" என்றார் லோகநாதன். வாய் இழுத்ததில் பாதி வார்த்தை புரியவில்லை. வடிவு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதத் தெரியாமல் விடுகிறேன். அவருடைய அந்தப் பெருந்தன்மை எங்கள் மூன்று பேருக்கும் எவ்வளவு வசதியாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்டோபரில் வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது, ஃபைல் அடுக்குவது மாதிரி. டாக்டர் சரி என்றார். இரண்டு வாரம் வந்தார், மருந்து அறையில் உட்கார்ந்து பெட்டி பிரித்தார். கழிப்பறைக்குப் போகும்போது வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கூடத்தைக் கடக்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது. ஓர் அம்மா என்னிடம் வந்து, "இங்க ட்ரீட்மென்ட் எடுத்துதான் அப்டி ஆச்சா?" என்று கேட்டார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்போது கூடத்தைக் கடந்துகொண்டிருந்த லோகநாதனுக்குக் கேட்கிற பக்கம் அது. மறுநாளிலிருந்து வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அதற்கடுத்த வருஷம் மழைக்காலத்தில் புற்று நுரையீரலிலும் வந்தது. கடைசி இரண்டு மாதம் நான் வாரம் ஒரு தடவை போனேன். தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை இடது காதில் கேட்டு, இது இன்ன வண்டி என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு அதுவும் நின்றது. நவம்பரில் போனார். நாற்பத்தொன்பது வயது. அவரைப் பார்க்க எங்கள் கிளினிக்கிலிருந்து மாலையோடு ஆறு பேர் போனோம்.

இந்த வருஷம் மே மாதம், டாக்டர் எழிலரசி பெரிதாக ஒரு காரியம் செய்தார். குமணன்சாவடி பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், குளிர்சாதனக் கூடத்தில், வெயில் பாதுகாப்புப் பற்றி ஒரு கூட்டம். மனசாரத்தான் செய்தார். வடிவைத் தானே போன் போட்டு அழைத்தார். நான் போய்க் கூட்டிவந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தோம்.

டாக்டர் நன்றாகப் பேசினார். நிறமியில்லாமல் பிறந்தவர்களுக்கு வெயில் எவ்வளவு ஆபத்து, பள்ளிக்கூடத்திலிருந்தே எப்படிக் காப்பாற்றலாம், ஆறாத புண்ணை எப்படி அடையாளம் காண்பது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார். பிறகு லோகநாதன் படம் திரையில் வந்தது. சிரித்துக்கொண்டு நிற்கிற படம். "என்னுடைய நோயாளி ஒருவர், தாமதமாக வந்ததால் காப்பாற்ற முடியாமல் போனது" என்றார்.

லோகநாதன் பெயரில் எங்கள் கிளினிக்கில் ஒரு ஃபைல் கிடையாது. எனக்குத் தெரியும், ஃபைல் போடுவது நான்தான். வடிவு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

கேள்வி நேரம் வந்தது. முதலில் எழுந்தவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஓர் இளைஞர். "டாக்டர், நம்ம மாதிரி கலருக்கு இந்த கேன்சர் வருமா?" என்றார். "அபூர்வம்தான், பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். கூடத்தில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. அடுத்த கேள்வி சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப் முப்பது நல்லதா ஐம்பது நல்லதா என்பது. அதற்கடுத்தது, பைக் ஓட்டுவதால் கை கறுத்துவிட்டது, எத்தனை தடவை வந்தால் பழைய நிறம் வரும் என்பது. அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் அதே கேள்விதான். கையை உயர்த்தியவர்களில் ஒருவர்கூட, அந்த மனுஷன் ஏன் தாமதமாக வந்தார் என்று கேட்கவில்லை.

வடிவு எழுந்தாள். நான் கூடவே வெளியே போனேன். நெடுஞ்சாலை ஓரம் பேருந்து நிறுத்தத்தில் மூன்று மணி வெயில். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வடிவக்கா, மேடம் வேணும்னு அப்படிச் சொல்லல" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"தெரியும்மா. அவங்க எதையுமே வேணும்னு செய்யல" என்றாள். அம்பத்தூர் பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "இனிமே என்னக் கூப்புடாத சுதா. அவரு போட்டோவையும் அதுலேர்ந்து எடுத்துடச் சொல்லு" என்றாள்.

டாக்டரிடம் சொன்னேன். அந்தப் படம்தான் மக்கள் மனதில் பதிகிறது என்றார். அடுத்த மாதம் ஆவடியில் கூட்டம். படம் இன்னும் இருக்கிறது.